சிலம்பக் கல்வியில் பணிவும் ஆய்வு நோக்கும்

முன்னுரை

தமிழர்தம் தற்காப்புக் கலைகளைப் பற்றிய ஆர்வம் இளையோரிடையே பெருகி வருகிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் சிலம்பம் புறப்பாட நடவடிக்கையாக இடம்பெற்றுள்ளது. தோட்டப்புறங்களில் ஆசான்களிடம் வாய்மொழியாகவும் மெய்வழியாகவும் கற்கப்பட்ட ஒரு கலை, இன்று பள்ளித்திடலுக்கும் பல்கலைக்கழக அரங்கிற்கும் வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும், கலை வளரும் வேகத்தில் கலையைப் பற்றிய கூற்றுகளும் வளர்கின்றன. உலகத் தற்காப்புக் கலைகள் அனைத்திற்கும் சிலம்பமே தாய் என்றும், சீனருக்குப் போர்க்கலையைக் கற்பித்தவர் காஞ்சிபுரத்துத் தமிழரே என்றும் மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். இக்கூற்றுகளைத் தமிழாசிரியர் எவ்வாறு எதிர்கொள்வது? ஆசான்மீது கொள்ளும் பணிவும் சான்று தேடும் ஆய்வு நோக்கும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையா? இவ்விரு வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. பணிவும் ஆய்வும் வெளியிலிருந்து கலைக்குள் புகுத்தப்படுபவை அல்ல என்பதும், கலையின் பயிற்சி முறைக்குள்ளேயே அவை உறைந்துள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஒரு வகுப்பறை அனுபவம்

இவ்வினாக்கள் கட்டுரையாளரின் சொந்தப் பிழையிலிருந்து எழுந்தவை. வெளிநாட்டில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பிய தொடக்க ஆண்டுகளில், இந்தியப் பண்பாடு குறித்த ஒரு பொதுவுரையில், பல்லவ இளவரசரான போதிதருமர் ஷாவோலின் மடத்தில் போர்க்கலையைக் கற்பித்தார் என்று உறுதிபடக் கூறினேன். அவையில் அமர்ந்திருந்த சீனவியல் துறை நண்பர் ஒருவர், உரை முடிந்ததும் அருகில் வந்து, "இதற்கு மூலநூல் எது?" என்று மிக மென்மையாகக் கேட்டார். என்னிடம் விடையில்லை. சிறு வயதில் கேட்டதையே ஆய்வுரையாகச் சொல்லியிருந்தேன் என்பது அப்பொழுதுதான் புலப்பட்டது.

என்னை அதனினும் வருத்தியது பின்னர் நிகழ்ந்தது. அவ்வுரையைக் கேட்ட பயிற்சி ஆசிரியர் ஒருவர் அதே செய்தியைத் தம் பள்ளியில் கூறியிருக்கிறார். சீன நண்பர்களிடம் அதைப் பெருமையுடன் எடுத்துரைத்த மாணவன் ஒருவன் சான்று கேட்கப்பட்டு நாணித் திரும்பியிருக்கிறான். "இது பொய்யென்றால் நம்முடையது என்று சொல்வதெல்லாம் பொய்தானா?" என்று அவன் வினவியதாக அவ்வாசிரியர் என்னிடம் கூறினார். மிகைக்கூற்றின் உண்மையான கேடு இதுவே. சான்றற்ற ஒரு பெருமை சரியும்போது, சான்றுள்ள பெருமைகளையும் அது தன்னோடு இழுத்துக்கொண்டு விழுகிறது. பல்லின மக்கள் ஒரே வகுப்பறையில் பயிலும் நம் நாடுகளில் இக்கேடு சிறிதன்று.

போதிதருமர் கதையும் சான்றுகளும்

போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீனநூல், கி.பி. 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்சி எழிய லோயாங் நகரப் பௌத்த மடங்கள் பற்றிய நூலாகும். அது அவரை மேற்குப் பகுதியிலிருந்து வந்த பாரசீகத் துறவி என்கிறது. அவருடைய மாணாக்கர் மரபைச் சார்ந்த தான்லின் அவரைத் தென்னிந்திய அரசரின் மூன்றாம் மைந்தர் என்கிறார். ஏழாம் நூற்றாண்டில் துறவியர் வரலாற்றைத் தொகுத்த தாவோசுவான் அவரைத் தென்னிந்திய அந்தணர் என்கிறார். எனவே தென்னிந்தியத் தொடர்பு வெறுங்கற்பனை அன்று. பழைய மரபு ஒன்று அதற்கு உண்டு. ஆயின் இம்மூன்று ஆவணங்களுள் எதுவும் அவர் போர்க்கலை கற்பித்ததாகக் கூறவில்லை. அவை காட்டுவது தியானம் போதித்த துறவி ஒருவரையே.

போர்க்கலையோடு அவரை இணைத்த கருத்துக்கு வேராக அமைந்தது, 1624ஆம் ஆண்டளவில் தோன்றிய 'யீ ஜின் ஜிங்' என்னும் உடற்பயிற்சி நூலாகும். தசைநார்களை வலுப்படுத்தும் பயிற்சிகளைக் கூறும் அந்நூல், போதிதருமரைத் தன் ஆசிரியராகக் காட்டுகிறது. அதன் முன்னுரைகளுள் ஒன்று ஏழாம் நூற்றாண்டுத் தளபதி ஒருவரின் பெயரால் எழுதப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லிங் திங்கான் என்னும் சீன அறிஞர் இதனைப் போலி என்று கண்டறிந்தார். 1930களில் தாங் ஹாவ் முதலிய சீன ஆய்வாளர்களும் போதிதருமர் கதையை மறுத்தனர். தம் நாட்டின் புகழ்பெற்ற கதையொன்றைச் சீன அறிஞரே சான்று கேட்டுச் சோதித்தனர் என்பது நம் கவனத்திற்குரியது. 2011ஆம் ஆண்டு வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் இக்கதையைத் தமிழ் இளையோரிடம் மீண்டும் பரப்பியது. திரைப்படத்திற்குக் கற்பனை உரிமை உண்டு. பாடவேளைக்கு அவ்வுரிமை இல்லை.

சான்றுகளைப் பின்தொடர்ந்து செல்பவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஷாவோலின் மடத்தைப் பற்றி மேயர் ஷஹார் 2008இல் வெளியிட்ட நூல், அங்குள்ள துறவியர் வச்சிரபாணியை வலிமையின் தெய்வமாகப் போற்றினர் என்பதைக் காட்டுகிறது. நாராயணன் என்ற பெயராலும் அத்தெய்வம் அங்கு அறியப்பட்டது. பிற்காலத்தில் ஷாவோலின் கோல்விளையாட்டின் தோற்றம் கின்னர அரசன்மேல் ஏற்றிச் சொல்லப்பட்டது. அதாவது, இந்தியாவிலிருந்து பௌத்தத்தின் வழியே சென்ற தெய்வப் பெயர்கள் சீனக் கோற்கலையின் தொன்மத்திற்குள் உண்மையாகவே இடம்பெற்றுள்ளன. காஞ்சி இளவரசர் கதையைக் கைவிட்டவருக்கே இவ்வுறவு கண்ணில் படுகிறது.

இலக்கியச் சான்றும் சொல்லாய்வும்

இத்தகைய சோதனையை நம் நூல்களிலும் செய்து பார்க்கலாம். சிலப்பதிகாரக் காலத்தில் சிலம்பக் கோல்கள் அயல்நாட்டு வணிகர்க்கு விற்கப்பட்டன என்ற செய்தி பல கட்டுரைகளில் ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதப்பட்டு வருகிறது. மதுரைக் கடைவீதியை விரித்துரைக்கும் ஊர்காண் காதையை மாணவர் நேரடியாகப் படிக்கட்டும். தேருறுப்பும், உடற்கவசமும், யானைத் தோட்டியும், கிடுகும் அங்கு விலைக்கு இருந்தமையை அவர்கள் காண்பர். படைக்கல வணிகம் நடந்தது என்பதற்கு அது சான்று. இன்று நாம் சிலம்பம் என்று வழங்கும் கலைக்கு அது சான்றாகாது. நூற்பெயரிலுள்ள சிலம்பு கண்ணகியின் காற்சிலம்பு என்பதையும் இங்கு நினைவூட்ட வேண்டும். சிலம்பு என்னும் சொல்லுக்கு மலை என்ற பொருளும், சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்ற பொருளும் உண்டு. சுழலும் கோலின் ஓசையால் கலை பெயர் பெற்றது என்பாரும், மலைநிலத்தில் தோன்றியதால் பெற்றது என்பாரும் உளர். இரண்டும் விளக்கங்களே, முடிந்த முடிபுகள் அல்ல என்று மாணவரிடம் கூறுவதில் ஆசிரியருக்கு இழுக்கில்லை.

மாறாக, உறுதியான சான்றோ நாம் எடுத்தாளாமலே கிடக்கிறது. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள பாடல்கள் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியன. சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் அவற்றைப் பாடியுள்ளனர். 80ஆம் பாடல், ஆமூர் மல்லனோடு அவன் பொருத மற்போரைக் காட்டுகிறது. ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்த, மறு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் செல்லும் நிலையைப் புலவர் கண்டு கூறுகிறார். மற்போர் பயின்ற மாணவன் ஒருவன் இப்பாடலைப் படித்துவிட்டு அப்பிடியைத் தன் தோழனிடம் செய்து பார்க்கத் தொடங்கினால், சங்க இலக்கியம் அவனுக்கு அன்று மெய்யாகவே புரிந்தது எனலாம். முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டத்தை ஏற்றதும், மாமல்லபுரம் அப்பெயரைத் தாங்கி நிற்பதும் மற்கலைக்கு இருந்த மதிப்பை உணர்த்துவனவாகும்.

ஆசான் சொல்லும் கம்பின் சான்றும்

ஆய்வு நோக்கு என்றவுடன் ஆசான் சொல்லை மறுப்பது என்று சிலர் அஞ்சுவர். சிலம்பப் பயிற்சியின் படிநிலைகளை நோக்கினால் இவ்வச்சம் நீங்கும். மாணவன் முதலில் வணக்கமும் நிற்கும் நிலையும் கற்கிறான். பின் காலடி வரிசைகளைப் பயில்கிறான். பின்னரே சுற்றும் வீச்சும் தடுப்பும் கற்கிறான். இக்கட்டத்தில் வினாவுக்கு இடம் குறைவு. ஏன் இடக்காலை முன்வைக்க வேண்டும் என்பதற்கு விடை, ஆயிரம் முறை வைத்த பின்னரே காலுக்குத் தெரிகிறது. பணிவு இங்கு அடிமைத்தனம் அன்று; தான் இன்னும் அறியாததற்குக் காலம் கொடுக்கும் பொறுமை.

அடுத்த கட்டம் வேறானது. எதிரே மற்றொருவன் கம்போடு நிற்கிறான். அவன் நம் வரிசைக்கு இசைந்து வருவதில்லை. கற்ற தடுப்பு சரியாக அமைந்தால் அடி படாது. தவறினால் தோளில் படும். நம் ஆசானின் புகழும் நம் பரம்பரையின் பழமையும் அந்நொடியில் உதவுவதில்லை. இதுவே இக்கலைக்குள் உறையும் ஆய்வு முறை. ஜிகோரோ கானோ 1882இல் கொடோகானை நிறுவி ஜூடோவை வளர்த்தபோது, பழைய ஜுஜுத்சுவிலிருந்து ஆபத்தான உத்திகளை விலக்கி, எதிர்ப்புக் காட்டும் துணைவனோடு தடையின்றிப் பொருதும் பயிற்சியை மையமாக்கினார். மரபை மதித்தே அதனைச் சோதித்த ஒருவரின் செயலாக இதனைக் கொள்ளலாம்.

இச்சோதனை இல்லாத இடத்தில் தற்காப்பு என்ற சொல் ஆபத்தாக முடியும். துணைவன் கையை நீட்டிக்கொண்டே காத்திருக்க, கத்தியைப் பறித்துக் காட்டும் செய்முறைகள் மேடைக்கு அழகானவை. அதை நம்பித் தெருவில் கத்தியை எதிர்கொள்ள முனையும் பதினாறு வயதுச் சிறுவனின் உயிருக்கு யார் பொறுப்பு? விலகிச் செல்வதும், ஓடுவதும், உதவிக்குக் குரல் கொடுப்பதும் முதற்பாடங்கள் என்று கற்பிக்கும் ஆசானே மாணவனை மெய்யாகக் காக்கிறார். வர்மக்கலைக்கும் இது பொருந்தும். நூற்றெட்டு வர்மப் புள்ளிகள், அவற்றுள் பன்னிரண்டு படுவர்மம், தொண்ணூற்றாறு தொடுவர்மம் என்பது மரபு. கன்னியாகுமரிப் பகுதியின் ஆசான்கள் அவ்வறிவைத் தாக்குதலுக்கு மட்டுமன்றி, முறிவுக்கும் அடிபட்ட காயத்திற்கும் மருந்தாகவும் பயன்படுத்துகின்றனர். மாணவனின் குணம் அறிந்த பின்னரே அவர்கள் அதனைக் கற்பிப்பதற்குக் காரணம் உண்டு. ரோமன் சீலர் 2015இல் வெளியிட்ட ஆய்வு நூல் வர்ம மரபின் மருத்துவத்தையும் மறைபொருள் தன்மையையும் ஒருங்கே விளக்குகிறது. களரிப்பயிற்று குறித்து 1998இல் நூல் வெளியிட்ட பிலிப் சரில்லியும் களரியில் ஆண்டுக்கணக்கில் மாணவராக உடல் வருத்திப் பயின்றவர். பயின்றபின் ஆராய்தல் என்னும் இவ்வொழுங்கு நமக்கும் வழிகாட்டும்.

தமிழ்க் கல்வி மரபும் இதற்கு அயலானதன்று. நன்னூலின் பாயிரப் பகுதி, ஆசானிடம் கேட்டலை வலியுறுத்தும் அதே இடத்தில், பாடத்தைப் போற்றுதலையும், கேட்டதைச் சிந்தித்தலையும், உடன்பயில்வோரோடு பழகுதலையும், வினாவுதலையும், வினாவியவற்றிற்கு விடை கூறுதலையும் மாணாக்கர் கடனாக வைக்கிறது. பவணந்தியார்க்கு வினாவும் பணிவின் ஒரு பகுதியே.

ஆசிரியர்க்குச் சில வழிமுறைகள்

முதலாவதாக, ஒரு கூற்றைச் சொல்லும்போதே அதன் தரத்தையும் சொல்லுதல் வேண்டும். 'ஆவணம் கூறுகிறது', 'மரபு கூறுகிறது', 'ஆசான் கூறினார்' என்னும் மூன்றும் வெவ்வேறு. மூன்றுக்கும் மதிப்பு உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பதே பிழை. 1801ஆம் ஆண்டில் பாளையக்காரர் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் கோட்டைகளை இடித்ததும் படைக்கலங்களைப் பறித்ததும் வரலாறு. சிலம்பம் என்னும் கலையையே பெயர் சுட்டித் தடைசெய்தனர் என்று எழுதுபவர் அவ்வாணையின் வாசகத்தைக் காட்டக் கடமைப்பட்டவர்.

இரண்டாவதாக, மிகைப்படுத்தல் நம்முடைய குறை மட்டுமன்று என்பதை மாணவர் அறிய வேண்டும். கராத்தே என்பதன் முதல் எழுத்து முன்னர்ச் சீனத்தைக் குறித்தது. 1930களில் ஃபுனகோஷி முதலியோர் அதனை 'வெறுங்கை' என்று பொருள்படும் எழுத்தாக மாற்றி நிலைபெறச் செய்தனர். தேக்வாண்டோ என்ற பெயர் 1955இல் ஏற்கப்பட்டது. எனினும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை அதற்கும் கூறப்படுகிறது. பிறர் கூற்றை ஆராயும் கண்ணாலேயே நம் கூற்றையும் ஆராய்வது நடுநிலை.

மூன்றாவதாக, பழமை மட்டுமே பெருமைக்கு அடிப்படை என்னும் எண்ணத்தை மாற்றுதல் வேண்டும். யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை, அருவப் பண்பாட்டு மரபை அளக்கும்போது ஆண்டுக்கணக்கைக் கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் அதனைக் கையளித்து உயிரோடு வைத்திருக்கிறதா என்றே கேட்கிறது. மலேசியாவின் சீலாட் 2019இல் அப்பட்டியலில் இடம்பெற்றது அவ்வடிப்படையிலேயே ஆகும். அந்நோக்கில், ரப்பர்த் தோட்டத்தில் பகலெல்லாம் உழைத்து, மாலையில் கோயில் திடலில் பிள்ளைகளுக்குக் கம்பு கற்பித்த ஆசான்களின் வாய்மொழி வரலாற்றை ஒலிப்பதிவு செய்வது நம் மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப்பணியாகும். யாரிடம் கற்றார், எந்த ஊர்முறை, எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்னும் வினாக்களுக்கு விடை கூறக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். காஞ்சிபுரத்து இளவரசரைத் தேடுவதில் நாம் செலவிட்ட ஆர்வத்தில் ஒரு பங்கு இவர்களுக்கு உரியது.

முடிவுரை

சிலம்பம் உலகின் முதற்கலையாக இருக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. நல்ல கலையாக இருப்பதே போதும். கம்பு ஏந்தி நிற்கும் மாணவனுக்குத் தன் பிழையை ஒப்புக்கொள்ளும் பணிவும், தடுப்பைச் சோதித்துப் பார்க்கும் தெளிவும் ஒருசேர வேண்டும். அக்கலையைப் பற்றிப் பேசும் ஆசிரியருக்கும் அவ்விரண்டும் வேண்டும். அன்று அவையில் எழுந்த வினாவுக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடை, "தெரியவில்லை, தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்பதே. அவ்விடையைக் கூறக் கற்ற பின்னரே, அம்மாணவனின் வினாவுக்கும் என்னால் விடையளிக்க இயன்றது. நம்முடையது எல்லாம் பொய்யன்று. எது மெய் என்பதை நாமே கண்டு சொல்லும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.