திதியும் பாம்பும்: கிரகணக் கணிப்பின் இரு நிபந்தனைகள்

அமாவாசையில் சூரிய கிரகணமும் பௌர்ணமியில் சந்திர கிரகணமும் நிகழும் என்பது பஞ்சாங்கம் பார்க்கும் இல்லங்களில் எவரும் அறிந்ததே. ஆனால் ஓராண்டில் அமாவாசைகள் 12 அல்லது 13 வர, சூரிய கிரகணங்கள் 2 முதல் 5 வரையே நிகழ்கின்றன. மற்றை அமாவாசைகளில் ஞாயிறு மறைக்கப்படாதது ஏன்? ஞாயிறும் நிலவும் புவியும் நேர்கோட்டில் அமைவதே கிரகணம் என்னும் வழக்கமான பள்ளி விளக்கம் இவ்வினாவைத் தொடுவதில்லை. பாம்பு விழுங்கும் கதையை அறியாமையென்று ஒதுக்குவதோடு அமைந்துவிடுகிறது. ஒதுக்கப்பட்ட அப்பாம்பிடமே விடையின் மறுபாதி உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திதி என்பது ஞாயிற்றுக்கும் நிலவுக்கும் இடைப்பட்ட கோணத்தின் அளவு. அக்கோணம் 12 பாகை வளர ஒரு திதி கழியும். கோணம் சுழியாகும்போது அமாவாசை முடிகிறது; 180 பாகையாகும்போது பௌர்ணமி முடிகிறது. வளர்பிறை, தேய்பிறைத் தோற்றங்கள் அனைத்தும் இவ்வொரு கோணத்தின் விளைவே. புவியின் நிழலுக்கு அவற்றில் பங்கில்லை.

நிலவின் பாதையோ ஞாயிற்றின் தோற்றப் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்தது. நிலவின் வட்டம் அரைப் பாகை அகலமே உடையதாதலின், பெரும்பாலான அமாவாசைகளில் அது ஞாயிற்றுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிடுகிறது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்கு அருகே அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தாலன்றிக் கிரகணம் இல்லை. அப்புள்ளிகளே ராகுவும் கேதுவும். அவை பின்னோக்கி நகர்ந்து ஏறத்தாழ 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிப்பதால், ஞாயிறு ஏறத்தாழ 173 நாளுக்கு ஒருமுறை அவற்றுள் ஒன்றை நெருங்குகிறது. 2024 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் தோன்றியது. அதற்கு முந்தைய மார்ச் 25 பௌர்ணமியில் புறநிழல் சந்திர கிரகணம். மே மாத அமாவாசையில் எதுவும் இல்லை. அடுத்த இணை செப்டம்பர் 18, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலேயே அமைந்தது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புகளுள் எதுவும் இவ்வெட்டுப்புள்ளிகளைச் சுட்டுவதில்லை. ஐந்தையும் பிழையறக் கணித்தவரும் அவற்றைக்கொண்டு மட்டும் கிரகணத்தை முன்னறிய இயலாது. ராகுவின் இருப்பிடத்தைத் தனியே கணிக்க வேண்டும். ஆகவே பஞ்சாங்கக் கணியருக்குப் பாம்பு கதைப்பாத்திரம் அன்று. நகர்வேகம் அறியப்பட்ட ஒரு கணித அளவு.

இம்முறை வழக்கில் இருந்தமைக்கு ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' சான்று. புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணியர் ஒருவர், மனனம் செய்த சொற்களையே அட்டவணைகளாகக் கொண்டு, தரையில் சோழிகளைப் பரப்பி, அவ்வாண்டு மே 31–ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாக்கிய மரபில் நிலவின் ஓட்டத்திற்கு 248 வாக்கியங்கள் உண்டு. நிலவு புவிக்கு மிக அண்மையான நிலையை ஒன்பது முறை அடையும் காலம் 248 நாள். 1952இல் ஆட்டோ நியூகெபவர் இச்செய்தியைத் தமிழ் வானியல் என்னும் தலைப்பிலேயே ஆராய்ந்தார். அக்கணியரின் விடையில் கிரகணத் தொடக்கத்திற்கு 4 நிமிடமும் நடுவிற்கு 23 நிமிடமும் முடிவிற்கு 52 நிமிடமும் பிழை இருந்தது. கருவியோ எழுதுதாளோ இன்றிப் பெற்ற விடை அது. அவர் வானியல் கோட்பாடு அறியாதவர் என்று வாரன் எழுதினார். எனினும் அச்சோழிகளுள் ராகுவுக்கும் ஓர் எண் இருந்தது.