தோட்டத்துப் பிள்ளைகளும் பள்ளி வருகையும்

நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 190 நாட்கள் நடைபெறுகின்றன. வாரத்திற்கு ஐந்து நாட்கள் எனக் கொண்டால் அது 38 வாரங்கள் ஆகும். ஒரு பிள்ளை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் வீட்டில் தங்கிவிடுவதாக வைத்துக்கொள்வோம். "ஒரு நாள்தானே" என்று பெற்றோர் அதனைப் பெரிதாகக் கருதுவதில்லை. ஆயினும், ஆண்டிறுதியில் அது 38 நாட்களாகிவிடுகிறது. ஆறாண்டுத் தொடக்கக் கல்வி முடியும்போது 228 நாட்கள்! ஒரு முழுப் பள்ளி ஆண்டுக்கும் மேற்பட்ட கல்வியை அப்பிள்ளை இழந்து விடுகிறது. ஆறாண்டுகள் படித்ததாகப் பெயர். வகுப்பில் அமர்ந்திருந்ததோ ஐந்தாண்டுக்கும் குறைவு. இரண்டு வாரத்திற்கு ஒரு நாள் என்று கணக்கிட்டாலும் 114 நாட்கள் வருகின்றன. அதுவும் அரை ஆண்டுக்கு மேற்பட்டதே.

நீண்ட நாட்கள் பள்ளிக்கு வாராத பிள்ளையை யாவரும் கவனிக்கின்றனர். டிங்கிக் காய்ச்சலால் இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்து திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் தனியே பாடம் சொல்லிக் கொடுப்பார். தோழர்கள் ஏடுகளைக் கொடுத்து உதவுவர். இங்கொன்றும் அங்கொன்றுமாக விடுபடும் நாட்களுக்கு அத்தகைய கவனிப்புக் கிடைப்பதில்லை. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துப் பழகியவர்கள் மற்றொன்றையும் அறிவர். இவ்வாறு விடுபடும் நாட்கள் பெரும்பாலும் ஒரே கிழமையில், அதுவும் வாரத்தின் முதல் நாளிலேயே விழுகின்றன. புதிய பாடம் தொடங்கும் நாளும் அதுவேயாகும். எடுத்துக்காட்டாக, வகுத்தல் கணக்கைக் கூறலாம். முதல் நாள் மீதியின்றி வகுத்தல், மறுநாள் மீதியுடன் வகுத்தல், அதன்பின் இரண்டு இலக்க எண்ணால் வகுத்தல் என அது படிப்படியாகச் செல்லும். முதற்படியைக் காணாத பிள்ளை மற்றப் படிகளில் தடுமாறுகிறது. "என் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை" என்று பெற்றோர் வருந்துகின்றனர். கணக்கு வராமற்போனதற்குப் பிள்ளை பள்ளிக்கு வராமற்போனதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இக்காலத்தில் இது முன்னிலும் முக்கியமாகிவிட்டது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. முன்னாளில், ஆண்டு முழுவதும் அலட்சியமாக இருந்துவிட்டுத் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கையில் கூடுதல் வகுப்புகளுக்கு ஓடியவர்கள் உண்டு. வகுப்பறை மதிப்பீட்டு முறையில் அதற்கு இடமில்லை. மாணவர் வகுப்பில் பேசுவதையும் எழுதுவதையும் செய்வதையும் ஆசிரியர் நேரில் கண்டு, ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலைகளில் குறித்து வருகிறார். வகுப்பில் இல்லாத பிள்ளையைப் பற்றி அவர் என்னவென்று குறிப்பார்?

நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு இன்னொரு நிலைமையும் உண்டு. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறிய பின்னர் மக்கள் பலர் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். பள்ளிகளில் மாணவர் தொகை சுருங்கியது. 150 மாணவர்களுக்குக் குறைந்த பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படுகின்றன. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்திக் கூட்டு வகுப்பாக நடத்துவதும் உண்டு. ஐந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவர் வாராவிடில் வகுப்பில் ஐந்தில் ஒரு பங்கு இல்லை. குழுவாகச் செய்ய வேண்டிய பயிற்சியை ஆசிரியர் ஒத்திவைக்க நேரிடுகிறது. ஆகவே, வந்த பிள்ளைகளுக்கும் அது இழப்பே.

காரணங்கள் யாவை?

தோட்டத்துப் பெற்றோர் கல்வியில் அக்கறையற்றவர்கள் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. தங்கள் பிள்ளை தங்களைப் போல் மழையிலும் வெயிலிலும் அல்லற்படக்கூடாது என்று எண்ணாத தாய் எந்த லயத்திலும் இல்லை. காரணங்களை வேறிடத்தில் தேடவேண்டும்.

மழையை முதலில் கூறலாம். விடியற்காலையில் கனத்த மழை பெய்தால் மரம் சீவுவதற்கில்லை. பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும். பெரட்டு இல்லை என்று தெரிந்ததும் வீடு முழுவதும் மீண்டும் உறங்கிவிடுகிறது. பெற்றோர்க்கு வேலை இல்லாத நாள் பிள்ளைக்கும் பள்ளி இல்லாத நாளாகிறது. பள்ளி மணியோ வழக்கம்போல் அடிக்கிறது. முதல் நாள் மாலையில் நனைந்த காலணி காயவில்லை என்பதும் இத்தகைய காலைகளில் பெரிய காரணமாகிவிடும். காலணிக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரவில் அடுப்பங்கரைப் பக்கம் வைத்தால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

கெடா மாநிலத்து அன்பர்களுக்கு மட்டும் உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி நாள். ஆனால் மூடா ஆற்றைக் கடந்தால், செபராங் பிறையில் ஞாயிறு விடுமுறை நாள். பினாங்கிலும் பேராவிலும் உள்ள உறவினர்கள் திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா ஆகியவற்றை ஞாயிறன்று வைக்கின்றனர். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் உள்ள பிள்ளைகளின் வாரத் தொடக்கப் பாடம் அவ்வாறு கல்யாண மண்டபங்களில் கரைந்து போகிறது. உறவை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. முகூர்த்தம் காலையில் என்றால் பெற்றோரில் ஒருவர் செல்லலாம். மாலை விருந்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, நேரத்தோடு திரும்பலாம்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவும் அத்தகையதே. தீமிதி பார்த்து நள்ளிரவு கடந்து படுக்கும் பிள்ளை மறுநாள் எழுவதில்லை. திருவிழாக் குழுவினர் நாள் குறிக்கும்போது, மறுநாள் பள்ளி உண்டா என்று தலைமையாசிரியரை ஒரு வார்த்தை கேட்பது நலம். சில தோட்டங்களில் தலைமையாசிரியரே குழுவில் ஓர் உறுப்பினராக இருப்பதால் இவ்வேலை எளிது.

இறுதியாக ஒன்று. அதனைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், தாயின் ஒரு நாள் சம்பளத்தை இழக்க முடியாத வீட்டில், மூத்த பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுகின்றனர். முன்னாளில் தோட்டந்தோறும் ஆயாக் கொட்டகை இருந்தது. இன்று பல இடங்களில் அது இல்லை. அந்தப் பெற்றோரைக் குறை கூறுவது எளிது, பயனில்லை. அண்டை வீட்டுப் பாட்டியிடம் அரைநாள் குழந்தையை ஒப்படைக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். அதுவும் இயலாதெனில், ஒவ்வொரு முறையும் அதே பெண்பிள்ளையை நிறுத்தும் வழக்கத்தையேனும் கைவிடவேண்டும்.

அதிகாலை இருட்டு

தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டன. கதிரவன் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கெடாவில் பொழுது புலர்வதே ஏறக்குறைய 7.30 மணிக்குத்தான். பள்ளி தொடங்குவதும் அந்நேரத்தை ஒட்டியே. எனவே, நம் பிள்ளைகள் இருட்டில் எழுந்து, இருட்டில் குளித்து, இருட்டிலேயே பள்ளி வேனில் ஏறுகின்றனர். "எங்கள் காலத்தில் ஆறு மணிக்கு இவ்வளவு இருட்டு இல்லை" என்று பாட்டனார்கள் கூறினால் நம்பலாம். அவர்கள் கூறுவது மெய்யே.

இருட்டில் எழவேண்டிய பிள்ளை நேரத்தோடு படுக்கவேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. காலை 6 மணிக்கு எழுவதாயின் இரவு 9 மணிக்காவது உறங்கியிருக்க வேண்டும். 9 மணிக்குப் படுக்கையில் கைத்தொலைபேசியுடன் சாய்வது உறக்கமாகாது. வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள் யாவும், தந்தையாருடையதும் சேர்த்தே, இரவில் முன்கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். சீருடை, காலணி, ஏடுகள் ஆகியவற்றை இரவே எடுத்து வைத்துவிட்டால் காலையில் கால் மணி நேரம் மிச்சமாகும். அந்தக் கால் மணி நேரம் பசியாறுவதற்கு உதவும்.

பசியாறாமல் வரும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உள்ளனர். ஒன்பது மணியளவில் வயிற்று வலி, தலைச்சுற்றல் என்று மேசைமீது கவிழ்ந்துகொள்வர். வீட்டிற்குத் திருப்பி அனுப்பினால் அதுவும் ஓர் அரைநாள் இழப்பு. தோசை வார்க்க நேரமில்லையே என்று தாய்மார் கவலையுற வேண்டியதில்லை. இரவே அவித்து வைத்த முட்டை, இரண்டு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், ஒரு கோப்பைப் பால் ஆகியவை போதும். இனிப்பு மிகுந்த பானத்தை மட்டும் குடித்துவிட்டு வரும் பிள்ளைக்குச் சற்று நேரத்திலேயே மீண்டும் பசி எடுக்கும்.

வடபகுதித் தோட்டங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் குறைந்து வருமானமும் குறையும். அப்போது பசியாறல் மெலிவது இயல்பு. வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கென்றே கூடுதல் உணவுத் திட்டம் உள்ளது. 1979ஆம் ஆண்டு முதல் கல்வி அமைச்சின் பொறுப்பில் நடைபெற்றுவரும் இத்திட்டத்தில் ஒரு மாணவருக்கான நாளொன்றின் தொகை 2022ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டது. வகுப்பாசிரியரிடம் விண்ணப்பிக்கலாம். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டு விண்ணப்பிக்காமல் இருக்கும் பெற்றோர் உள்ளனர். பொதுப் பணத்தில் நம் பிள்ளைக்கென ஒதுக்கப்பட்ட உணவைப் பெறுவதில் வெட்கத்திற்கு என்ன வேலை?

நோயுற்ற நாளில்

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, உடலில் கொப்புளம் ஆகியவை கண்டால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது. கை கால் வாய்ப்புண் நோய் ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு எளிதில் பரவும். மருத்துவர் அனுமதித்த பின்னரே அனுப்பவேண்டும். இலேசான சளிக்கும், தலையில் பேன் இருப்பதற்கும் பிள்ளையை நிறுத்தவேண்டிய தேவை இல்லை. சவர்க்காரமிட்டுக் கைகழுவும் பழக்கத்தை வீட்டிலேயே தொடங்கினால் நோய் நாட்கள் பல குறையும். கழிவறையிலிருந்து வந்ததும், உண்பதற்கு முன்னும், இருபது எண்ணும் வரை தேய்க்கவேண்டும். கைவிடப்பட்ட ரப்பர்க் காட்டில் மரத்தோடு தொங்கும் பால் கிண்ணங்களில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு உற்பத்தியாகும். வீட்டோரத்தில் அத்தகைய கிண்ணங்களோ தேங்காய்ச் சிரட்டைகளோ கிடந்தால் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

பிள்ளை வரமுடியாத நாளில் பள்ளிக்குத் தெரிவிப்பது பெற்றோர் கடமை. வகுப்புப் புலனக் குழுவில் அன்று காலையிலேயே செய்தி அனுப்பலாம். திரும்பும் நாளில் ஒரு கடிதமும் கொடுத்தனுப்ப வேண்டும். அழகிய தமிழில் நீண்ட கடிதம் எழுத வேண்டியதில்லை. "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, மூன்றாம் ஆண்டில் பயிலும் என் மகள் காய்ச்சலின் காரணமாகத் திங்களும் செவ்வாயும் பள்ளிக்கு வர இயலவில்லை. மருத்துவச் சான்றிதழை இணைத்துள்ளேன்" என்று எழுதி, பெயரும் கையொப்பமும் இட்டால் போதுமானது. விடுபட்ட பாடங்கள் எவை என்று அதிலேயே கேட்டு எழுதும் பெற்றோரை ஆசிரியர்கள் மறப்பதில்லை.

சுகாதாரக் குழுவினரும் பல் தாதியரும் பள்ளிக்கு வரும் நாட்களைத் தவறவிடலாகாது. பினாங்கில் 1949ஆம் ஆண்டில் பல் தாதியர் பயிற்சி தொடங்கப்பட்டதே நம் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காப்பதற்காகத்தான். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் முதலிய நோய்களுக்கான தடுப்பூசி பள்ளியிலேயே போடப்படுகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு உரிய நேரத்தில் அனுப்பாவிட்டால், பின்னர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சுகாதார நிலையத்திற்கு அலைய நேரிடும்.

சட்டத்தைப் பற்றியும் அறிந்திருப்பது நன்று. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்றது. அன்று கடமை முதலாளியுடையது. பெற்றோரை எவரும் கேட்கவில்லை. 2003ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. உரிய வயதில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

பள்ளி நாட்காட்டியில் அண்மைக் காலத்தில் ஏற்பட்ட மாற்றங்கள் பலரைக் குழப்பியுள்ளன. ஜனவரியில் தொடங்கிவந்த கல்வியாண்டு 2022, 2023, 2024ஆம் ஆண்டுகளில் மார்ச் மாதத்திலும், 2025இல் பிப்ரவரியிலும் தொடங்கிற்று. 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகியவை ஏ பிரிவு. அங்கு 2026 ஜனவரி 11ஆம் நாள் ஞாயிறன்று பள்ளி திறந்தது. பி பிரிவு மாநிலங்களில் மறுநாள் திறந்தது. செய்தித்தாள்களில் இரு பிரிவுகளின் தேதிகளும் அருகருகே வெளிவருவதால், பிறர் மாநிலத்துத் தேதியைத் தம்முடையதாக எண்ணிக்கொள்வோர் உண்டு. தம் பிரிவுக்குரிய பட்டியலைத் தலைமையாசிரியரிடமிருந்து ஒரு படி வாங்கி, அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். பேராவிலுள்ள பெரியப்பா வீட்டிலிருந்து கல்யாண நாளைக் கேட்டு அழைப்பு வரும்போது, அதனை ஒருமுறை பார்த்துவிட்டு மறுமொழி கூறலாமே.