பிரசங்கியின் ‘மாயை’



நீதிமொழிகள், யோபு, பிரசங்கி ஆகிய மூன்றையும் ஞான நூல்கள் என்பார்கள். இங்கே ஞாயிறு பாடசாலைகளில் நாங்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். உழைத்தால் உயர்வு, சோம்பலுக்கு வறுமை. கணக்காளனான எனக்கு அது பிடித்த கணக்குத்தான். வரவும் செலவும் நேராகிவிடும்.

ஆனால் 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதை மட்டும் படிப்பித்தால், “அப்ப அம்மப்பா என்ன பிழை செய்தவர்?” என்றுதான் கேட்கும். யோபுவின் நண்பர்கள் போட்ட கணக்கும் அதுவே. ஏழு நாள் பேசாமல் அருகில் இருந்தவரை நல்ல மனிதர்கள். வாய் திறந்ததும் கெடுத்தார்கள். 42ஆம் அதிகாரத்தில் கடவுள் கோபிப்பது அவர்கள்மேல். நீதிமொழிகளைப் படிப்பிக்கும் அதே மாதத்திலேயே யோபுவையும் எடுக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பிரசங்கிக்கு வேறு சிக்கல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘மாயை’ என்று வருகிறது. சைவச் சூழலில் வளர்ந்த எங்களுக்கு உடனே சித்தாந்தம் ஞாபகம் வரும். 1995இல் வந்த திருவிவிலியம் ‘வீண்’ என்கிறது. அதுவும் முழுதாக ஒட்டவில்லை. எபிரேயச் சொல் ‘ஹெவெல்’: மூச்சு, நீராவி. ஆபேலின் பெயரும் அதே சொல்தான், நீதிமானாக இருந்தும் கொல்லப்பட்டவன்.

பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். யூலை மாதத்து மெல்பேண் காலையில் வெளியே நின்று மூச்சு விடச் சொல்லுங்கள். வெண்புகை தெரியும், பிடிக்கப் போனால் மறையும். ஆனாலும் அது பொய்யல்ல, உயிருள்ளவன் விட்ட மூச்சு.