ஆபரேசன் புண்ணில் சீழ்: கொரோனா காலத்தில் ஏறியதா, இறங்கியதா?

"ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா தையல் போட்ட இடத்திலே சீழ் வச்சுக்கிச்சு..."

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நாலு நாளில் வீடு திரும்ப வேண்டியவர் வாரக்கணக்கில் கட்டிலில் கிடப்பார். லீவு தீர்ந்து போகும். கடை பூட்டிக் கிடக்கும். கைக்காசு கரையும். சில சமயம் உயிருக்கே ஆபத்து!

ஏழை நாடுகளிலும், நடுத்தர வருமானம் உள்ள நாடுகளிலும் ஆபரேசன் செய்து கொள்ளும் 100 பேரில் 11 பேருக்கு இப்படி கிருமி தொற்றுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ம் ஆண்டு அறிவித்தது. பணக்கார நாடான அமெரிக்காவும் தப்பவில்லை. இந்தத் தொற்றால் அங்கு நோயாளிகள் ஆண்டுக்கு மொத்தம் 4 லட்சம் நாட்களுக்கு மேல் கூடுதலாக ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தது.

இது கொரோனாவுக்கு முந்திய நிலை. கொரோனா வந்த பிறகு?

ஏறியது எது?

2020-ம் ஆண்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகள் கொரோனா நோயாளிகளால் நிரம்பி வழிந்தன. நர்சுகள் போதவில்லை.

அந்த ஆண்டின் கணக்கை அந்நாட்டு அரசின் நோய் தடுப்பு மையம் 2019-ம் ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரிய ரத்தக் குழாயில் செருகும் டியூப் வழியாக வரும் தொற்று 24 சதவீதம் ஏறி இருந்தது. செயற்கை சுவாச கருவியில் இருந்தவர்களுக்கு ஏற்படும் சிக்கல்கள் 35 சதவீதம் கூடி இருந்தன.

அப்படியானால் ஆபரேசன் புண்ணும் மோசமாகி இருக்கும் என்றுதானே தோன்றும்?

அதுதான் இல்லை! பெருங்குடல் ஆபரேசனுக்குப் பின் வரும் தொற்று 5 சதவீதம் குறைந்திருந்தது. ஆபரேசன்களின் எண்ணிக்கை குறைந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு கிடைத்த முடிவு இது. கர்ப்பப்பை அகற்றும் ஆபரேசனில் பெரிய மாற்றம் இல்லை.

காரணம் என்ன?

2020 மார்ச் 18-ந் தேதி, அவசரம் இல்லாத ஆபரேசன்களை தள்ளி வைக்கும்படி அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டது. ஆபரேசன் தியேட்டரில் நெரிசல் குறைந்தது. ஆனால் அங்கு இருந்த பழைய கட்டுப்பாடு மாறவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து நோயாளிகளைக் காப்பாற்றி இருக்கலாம் என்பது நிபுணர்களின் கருத்து.

கை கழுவுவதும், கருவிகளில் கிருமி நீக்குவதும் கொரோனாவுக்காக வந்த பழக்கம் அல்ல. 150 ஆண்டுகளுக்கு மேல் பழசு!

1865 ஆகஸ்டு 12-ந் தேதி. ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரம். 11 வயது சிறுவன் காலில் வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து, தோலும் கிழிந்து விட்டது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காலை பெரும்பாலும் வெட்டி எடுத்து விடுவார்கள். டாக்டர் ஜோசப் லிஸ்டர் வெட்டவில்லை. கார்பாலிக் ஆசிடில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். 6 வாரத்தில் எலும்பு கூடியது. கால் தப்பியது!

அவருடைய வார்டில் முன்பெல்லாம் கை, கால் வெட்டி எடுக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். புதிய முறை வந்த பிறகு 40 பேரில் 6 பேர்தான் இறந்தார்கள்.

நோயாளி என்ன செய்யலாம்?

ஆபரேசனுக்கு முன்பு குளிக்க வேண்டும். ஆபரேசன் செய்யும் இடத்தில் பிளேடு போட்டு முடியை மழிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக கிருமி நுழைந்து விடும். டாக்டர் சொல்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் வரை புண்ணை கவனிக்க வேண்டும். சிவந்து வீங்கினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். "தானா ஆறிடும்" என்று இருந்து விடக் கூடாது.

பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம், "கையை கழுவிட்டு வாங்க" என்று சொல்ல கூச்சப்பட வேண்டாம். கொரோனா பயத்தில் ஊரே கை கழுவியது. பயம் போனதோடு சோப்பையும் மறந்து விட்டால், சீழுக்கு கொண்டாட்டம்தான்!