உங்களுக்குத் தெரியுமா? எலும்பு பிடித்துக்கொண்ட உலோகம்

● 1950-களில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கவனிக்க முயலின் காலில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனெமார்க். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றி வளர்ந்திருந்தது. பல் இம்ப்ளான்ட்டுக்கு வித்திட்டது அந்தப் பிடிமானம்தான்.

● 1965-ல் கோத்தன்பர்க் நகரில், தாடைக் குறைபாட்டோடு பிறந்த 34 வயதுக்காரருக்கு முதன்முதலில் இந்த டைட்டானிய இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டது. 2006-ல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பற்களால்தான் மென்று சாப்பிட்டார்.

● இம்ப்ளான்ட் என்பது பல் அல்ல, வேர். தாடை எலும்புக்குள் ஒரு திருகு, அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கும் மேலேதான் நம் கண்ணுக்குத் தெரியும் பல். எலும்பு திருகோடு ஒட்டிச் சேரப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

● பல் போன இடத்தில் தாடை எலும்பு மெல்லக் கரையும். முதல் ஆண்டில்தான் அதிகம். 'ஒரு பல்தானே' என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால், திருகைத் தாங்க எலும்பு போதாமல் போகலாம்.

● இம்ப்ளான்ட்டில் சொத்தை விழாது. ஆனால், சுற்றியுள்ள ஈறு வீங்கிச் சீழ் பிடித்தால் எலும்பு அரிக்கப்பட்டு, திருகே ஆடத் தொடங்கும். புகைப்பழக்கமும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் இந்த ஆபத்தைக் கூட்டும். சொந்தப் பல்லைப் போலவே தினமும் இரு வேளை துலக்குங்கள். இடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள்.