கசியும் படகுக்குத் தண்ணீரே வைத்தியம்

நார்வே, சுவீடன் கடற்கரைகளில் வசந்தம் தொடங்கியதும், குளிர்காலம் முழுக்கக் கரையேற்றி வைத்திருந்த சிறு பாய்மரப் படகுகளின் மூடுதுணிகள் விலகும். மரப் படகுக்குப் புதியவர் உள்ளே எட்டிப் பார்த்தால் பதறிப்போவார். பலகை இடுக்குகளில் வெளிச்சம் தெரியும்! படகு கெட்டுவிடவில்லை, காய்ந்திருக்கிறது.

பலகையின் ஓரம் அடுத்த பலகையின் மேல் ஏறி அமர, ஆணிகளால் இறுக்கிக் கட்டப்படும் படகுகள் இவை. வைகிங்குகளின் கப்பல்களும் இந்த முறையில் உருவானவைதான். நோர்டிக் நாடுகளின் இந்தக் கலையை 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மரத்தின் செல்சுவர் ஈரத்தை உறிஞ்சினால் பருக்கும், இழந்தால் சுருங்கும். உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீத ஈரம் சேரும்வரை இந்த வீக்கம் தொடரும். அதற்கு மேல் வரும் நீர் செல்லின் உள்வெளியை நிரப்புமே தவிர, மரத்தைப் பருக்க வைக்காது. இழையின் நீளவாக்கில் மாற்றம் மிகமிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் விரிவு. அதனால் நீரில் இறங்கிய பலகை நீளாமல் அகன்று, இடுக்கைத் தானே மூடிக்கொள்கிறது.

இது தெரியாமல், காய்ந்த இடுக்கில் கெட்டியாக இறுகும் பசையைத் திணிப்பது பெரும் கேடு. ஊறிய பலகை விரிய இடமின்றி ஆணியை நெகிழ்த்தும், பலகையைப் பிளக்கும், குறுக்குச் சட்டத்தையே முறிக்கும்.

இறக்குவதற்கு முன் செய்யவேண்டியது வேறு. சட்டமும் பலகையும் சேரும் மூலைகளைக் கூரான கத்திமுனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை மெத்தென இறங்கினால் அங்கே பூஞ்சை மரத்தைத் தின்றிருக்கிறது. உப்புநீரைவிடத் தேங்கிய மழைநீரே அதற்குத் தோது. ஆகவே வடிகால் துளைகளில் அடைத்த சருகை அகற்ற வேண்டும். பிறகு ஆளிவிதை எண்ணெயும் பைன் தாரும் கலந்து பூசுவார்கள். அந்தப் பூச்சு ஈரம் ஏறி இறங்கும் வேகத்தைத் தணிக்கும். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, வெப்பத்தை வெளியிட்டபடி இறுகுகிறது. எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துவதோ நீரில் அமிழ்த்துவதோதான் பாதுகாப்பு.

அதன்பின் படகை ஆழமற்ற நீரில் கட்டி, உள்ளே ஏறும் தண்ணீரை இறைத்தபடி காத்திருக்க வேண்டும். பலகைகள் ஊற ஊறக் கசிவு குறையும். நாட்கள் சென்றும் ஓரிடத்தில் மட்டும் நீர் வந்துகொண்டே இருந்தால், பிளந்த பலகையோ தளர்ந்த ஆணியோ அங்கே இருக்கிறது. பழுதுபார்க்கும் கருவியை எடுக்க அதுவே சரியான நேரம்.