கம்ப்யூட்டர் சட்டைக்குத் தடிமன் வேண்டாமா?



அறிவியல் கண்காட்சிக்காக, நம் சீருடை போட்ட ஒரு பையன் பொம்மையை பிளெண்டர் மென்பொருளில் செய்தேன். (பிளெண்டர் இலவசம்தான். 2002 முதல் அதன் நிரலையே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம்.) இரண்டு வாரம் உழைத்து, பெருமையாகக் காட்டினேன். பக்கத்து பெஞ்ச் நண்பன் பார்த்தவுடனே, "சட்டையாடா இது? பேப்பரை வெட்டி ஒட்டினாப்ல இருக்கு!" என்றான். கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரிதான். கண்காட்சிக்கு நான்கே நாள்!

ஏன் அப்படித் தெரிகிறது? கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவங்களைச் சின்னச் சின்னத் தளங்களால் செய்கிறோம். தளத்துக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, தடிமன் கிடையாது. கணக்குப் பாடத்தில் படித்தோமே, அதேதான்! பந்து, பெட்டி என்றால் எல்லாப் பக்கமும் மூடியிருக்கும், குறை தெரியாது. சட்டைக்கோ கழுத்து, கை, அடிப்பகுதி எல்லாம் திறந்திருக்கும். அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதற்கு 'சாலிடிஃபை' என்றொரு வசதி இருக்கிறது. அது துணியை இன்னொரு பிரதி எடுத்து, சற்றுத் தள்ளி வைத்து, இரண்டுக்கும் நடுவே ஓரத்தை அடைத்துவிடும். போட்டேன். சட்டை மெத்தை மாதிரி உப்பிவிட்டது! அது தானாக எடுத்துக்கொள்ளும் அளவு 0.01 மீட்டர், அதாவது 1 சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டராகக் குறைத்தேன். பழையபடி பேப்பர்!

அன்று இரவு என் சட்டையையே கழற்றிப் பார்த்தேன். விடை அதன் ஓரத்தில் இருந்தது. தையல்காரர் அடியில் துணியை இரண்டு முறை மடித்து அடித்திருக்கிறார். அங்கே மட்டும் மூன்று அடுக்கு! காலருக்குள் கேன்வாஸ் வேறு. ஆக, நம் கண் தடிமனைத் தேடுவது ஓரத்தில்தான். அதனால் ஓரத்துப் புள்ளிகளைத் தனிக் குழுவாக்கி 2 மில்லிமீட்டர் கொடுத்தேன். மற்ற இடங்களுக்கு அரை மில்லிமீட்டர் போதும்.

நான் பட்ட பாட்டை நீங்கள் படாமலிருக்க மூன்று குறிப்புகள்:

1. தடிமன் தானாக உள்பக்கம் வளரும், உடம்புக்குள் புதைந்துவிடும். 'ஆஃப்செட்' அளவை -1 இலிருந்து 1 ஆக மாற்றினால் வெளிப்பக்கம் வளரும்.

2. சட்டையை இழுத்துப் பெரிதாக்கியிருந்தால், முதலில் கன்ட்ரோல் + ஏ அழுத்தி 'ஸ்கேல்' கொடுங்கள். இல்லாவிட்டால் மில்லிமீட்டர் கணக்கு தப்பும்.

3. துணியை அசைய வைக்கும் 'கிளாத்' வரிசையில் மேலே, சாலிடிஃபை கீழே இருக்கட்டும். மாற்றி வைத்தால் இரண்டு அடுக்கையும் அசைக்க முடியாமல் கம்ப்யூட்டர் திணறும்.

மறுபடி நண்பனைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு பட்டன் குறையுதுடா" என்றான். சட்டை என்று ஒப்புக்கொண்டுவிட்டான் அல்லவா? அது போதும்!

நீங்களும் செய்து பாருங்கள். கம்ப்யூட்டரைத் தொடும் முன், போட்டிருக்கும் சட்டையின் ஓரத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.